பாதிக்குக் கீழே இறக்காதவர்

அவர் வீட்டுக்கு யார் போனாலும் மோர் கிடைக்கும். சார்ஜ் கிடைக்காது.

நிலத்தை அளக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை செல்போனைச் சொருக இடம் கேட்டார். "அதெல்லாம் இங்க இல்லீங்க சாமி, உங்க வண்டியில போட்டுக்கங்க" என்றார் இவர். அதிகாரியின் கண்ணெதிரே சுவரில் பிளக் பாயின்ட் இருந்தது. அதன் மேல் கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டி வைத்திருந்தார். மகளைக் கட்டிய மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து வந்தபோதும் இதே பதில்தான். மாப்பிள்ளை காரில் உட்கார்ந்து, என்ஜினை ஓடவிட்டு, போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார். மாமனார் மோர்ச் சொம்போடு கார்க் கதவருகே நின்றார். அவர் முகத்தில் சங்கடம் ஏதும் இல்லை. "காரு பேட்டரிங்க, ஓட ஓட ஏறிக்கும். நம்முளுது அப்பிடி இல்ல" என்று எனக்கு விளக்கினார்.

பேச வரும்போது அவர் முதலில் ஆளைப் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்ப்பார். அடுத்துக் கதவுக்கு உட்புறம் மாட்டியிருந்த உள்ளங்கை அளவு மீட்டரைப் பார்ப்பார். அதில் பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எண் தெரியும். அதற்குப் பிறகுதான் "வாங்க சாமி". அந்த எண்ணைப் பொறுத்து "வாங்க" என்பதன் தொனி மாறும். மேகமூட்டமான நாளில் போனால், மேகத்தை நான்தான் கூட்டிவந்த மாதிரி இருக்கும்.

வீடு என்று எழுதினேன். உண்மையில் அது ஒரு டிரெய்லர். போர்வெல் ரிக் வண்டிகளோடு வட மாநிலங்களுக்குப் போகும் ஆட்கள் படுக்கவும் சமைக்கவும் நாமக்கல் பட்டறையில் கட்டிய நீளமான தகரப் பெட்டி. அடியில் நான்கு டயர், முன்னால் இழுத்துப்போகக் கொக்கி. அவர் பல ஆண்டு ரிக் மேனேஜராக இருந்தவர். முதலாளி தொழிலை விட்டபோது, வரவேண்டிய கணக்குக்குப் பதிலாக இதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். திருச்செங்கோட்டுக்கும் பரமத்தி வேலூருக்கும் நடுவில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சோளத்தட்டும் வேலிக்கருவையுமாகக் கிடந்த மேட்டுக்காட்டில் அது நின்றது. கூரை முழுக்க சோலார் தகடுகள். படுக்கைக்கு அடியில் அரிசி மூட்டைக் கனத்தில் பேட்டரிகள். மின்கம்பி கிடையாது.

நான் அப்போது சேலம் பதிப்பில் நிருபர். 'சக்கரத்தின் மேல் ஒரு குடும்பம்' என்று எழுதலாம் என்றுதான் முதல்முறை போனேன். எழுதியும் அனுப்பினேன். டெஸ்க்கில் அதை நாலு வரியாக வெட்டி, கிணற்றில் விழுந்த பசு மாட்டுச் செய்திக்குக் கீழே போட்டார்கள். அவர் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, "கரண்டு இல்லாமன்னு எழுதியிருக்கறீங்க. கரண்டு இருக்குதுங்க. கம்பிதான் இல்ல" என்று திருத்தினார். திருத்தம் சரிதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கிவிட்டுப் போவது எனக்கு வழக்கமானது.

சொந்தக் காட்டில் எதற்காக டிரெய்லரில் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அவருக்கும் அவர் தம்பிக்கும் அப்பன் வழி வந்த நிலம் அது. பட்டா இருவர் பேரிலும் கூட்டாக இருந்தது. பாகம் பிரிப்பதில் தகராறு வந்து வழக்கானது. தீர்ப்பு வரும்வரை யாரும் கட்டடம் கட்டக் கூடாது என்று கோர்ட்டில் தடை. இடத்தை விட்டு நகர்ந்தால் அனுபவ பாத்தியம் போய்விடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கட்டவும் கூடாது, போகவும் கூடாது. ரிக் மேனேஜர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"கட்டடம் கட்டக் கூடாதுன்னுதானுங்க ஆர்டரு? இது கட்டடமுங்களா? டயரு இருக்குது பாருங்க."

டயர்களுக்கு வருடம் தவறாமல் காற்றுப் பிடிப்பார். ஓர் அங்குலம்கூட நகராத வண்டிக்கு. யாராவது வந்து கேட்டால் காட்டுவதற்கு.

தம்பியின் வீடு பக்கத்துக் காட்டில், வழக்குக்கு முன்பே கட்டியது. அங்கே மின்சாரம் உண்டு. இவர் பக்கத்துக்கு இணைப்பு வாங்க, கூட்டுப் பட்டாவில் இருக்கும் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அதாவது தம்பியின் கையெழுத்து.

"அவன் போடமாட்டானுங்க" என்றார்.

"கேட்டீங்களாண்ணா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? போடமாட்டான்."

தனியாளாக இருந்திருந்தால் இது ஒரு கிழவரின் பிடிவாதம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உள்ளே அவர் மனைவி இருந்தார். கணவர் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் குழி போட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் பஞ்சாலைக்குப் போய் மகளை வளர்த்தவர். அந்தப் பஞ்சு நுரையீரலில் தங்கிவிட்டது. மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷின் வேண்டும். சின்ன பீரோ அளவில் ஒரு பெட்டி. காற்றை உள்ளே இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். 'டப்... உஸ்' என்று விடாமல் ஒரு சத்தம். தினமும் பெரும்பொழுது அது ஓட வேண்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது கரண்டைக் குடிக்கும். வெயிலடிக்கும் நாளில்கூடத் தகடுகள் தருவதும் மெஷின் எடுப்பதும் இழுபறியாகவே இருக்கும். ஜெனரேட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தார். அதன் புகை அந்த அம்மாவுக்கு ஆகவில்லை. மகள் வீட்டுக்குப் போய் இருந்து பார்த்தார்கள். "இவிய இங்க ஒத்தையில சோறு திங்காம உக்காந்திருப்பாங்க" என்று அந்த அம்மாவே திரும்பி வந்துவிட்டார்.

ஆகவே எல்லாம் பேட்டரியின் மேல் நின்றது. பேட்டரிக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது.

"இந்த மாதிரி பேட்டரிய நெறைய எறக்கி எறக்கி ஏத்துனா ஆயுசு போயிருமுங்க. பாதியத் தொடாம வெச்சுப்போட்டா ரொம்ப நாளைக்கு வரும். தொடாம இருந்தாத்தான் வேணுங்கறப்ப இருக்கும்."

நூறிலிருந்து ஐம்பது வரை அவர்களுக்கு. ஐம்பதிலிருந்து பூஜ்யம் வரை, வரப்போகும் ஏதோ ஒன்றுக்கு. அந்த ஏதோ ஒன்று என்னவென்று அவர் சொன்னதில்லை. அதற்காக மின்விசிறி ஓடாது. சித்திரை வெயிலில் தகரச் சுவரைத் தொட முடியாது, அப்போதும் ஓடாது. விளக்கு ஒன்று மட்டும் எரியும், அதுவும் சோறு உண்ணும்வரை. மாதம் பிறந்தால் பேட்டரி மூடிகளைத் திறந்து, பாட்டிலில் வாங்கிவந்த பேட்டரித் தண்ணீரை மருந்து விடுவதுபோல ஊற்றுவார். அந்த வேளையில் அவரிடம் பேசக் கூடாது.

இந்தச் சட்டத்துக்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். ஒடிசாவில் ஒரு காட்டுக்குள் ரிக் நின்றிருந்தபோது, ஆட்கள் என்ஜினை அணைத்துவிட்டு லாரி பேட்டரியில் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் டிரில்லர் ஒருவன் காலில் இரும்புக் குழாய் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லாரி கிளம்பவில்லை. பேட்டரி காலி. ஊருக்குள் ஓடி டிராக்டர் கொண்டுவருவதற்குள் ரத்தம் எல்லாம் போய்விட்டது.

"பாட்டுக் கேட்டே கொன்னுபோட்டாங்க" என்று முடித்தார்.

நான் பேனாவை எடுத்திருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தால் செய்தி தானாக எழுந்து நின்றுவிடும். உள்ளே கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்திருந்த அந்த அம்மா என் செய்தியைக் கெடுத்தார்.

"அந்தாளு சாகறதுக்கு முன்னயும் இவிய இப்பிடித்தானுங்க தம்பி. எங்க கலியாணத்துல சீரியல் லைட்டு போட்டிருந்தாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் பந்தல விட்டு அக்கட்டால போனதீமு ஆப் பண்ணச் சொன்னவிய இவிய. ஒறம்பரைச் சனமெல்லாம் இருட்டுல செருப்புத் தேடிக்கிட்டு நின்னாங்க."

"அது டீசல் என்ஜின் அம்மிணி. வாடகைக்கு எடுத்தது."

"எங்க மாமனுக்கு ஒரு கால்ல ஒரு செருப்பு, இன்னொரு கால்ல இன்னொரு செருப்பு. அப்பிடியே ஊரு போய்ச் சேந்தாரு."

சிரிக்கத் தொடங்கியவர் இருமலில் முடித்தார். கணவர் எழுந்துபோய் மெஷினின் குமிழைக் கொஞ்சம் திருகினார். திரும்பும்போது கதவருகே மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டையும் ஒரே நடையில் செய்தார். அவர் கஞ்சர் என்று ஊரில் சொல்வார்கள். கஞ்சர் தனக்காகச் சேர்ப்பார். இவர் அந்த மீட்டரிலிருந்து தனக்கென்று எதையும் எடுத்ததில்லை. வியர்வையில் நனைந்த பனியனோடு, கையில் பனைமட்டை விசிறியோடு, மனைவிக்கு வீசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை ஓய்ந்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வார். கைக்குச் சார்ஜ் வேண்டாம்.

தம்பி வீட்டு மோட்டார் அறையில் பகலிலும் ஒரு குண்டு பல்பு எரியும். விவசாய இணைப்பு, இலவச மின்சாரம், யாரும் அணைப்பதில்லை. இவருக்கு அது தாங்காது. பேச்சின் நடுவே கண் அங்கே போய்விடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலிவரை போய், "லைட்டு எரியுது!" என்று கத்திவிட்டு வந்தார். அந்த ஆண்டுகளில் அண்ணன் தம்பிக்குள் நடந்த பேச்சு அந்த இரண்டு சொல்தான். மறுநாள் மோட்டார் அறை வாசலில் இரண்டாவதாக ஒரு பல்பு எரிந்தது.

ஆனால் தம்பி மனைவி வேறு மாதிரி. ஒரு கோடையில், ஆண்கள் இருவரும் இல்லாத வேளை பார்த்து, நீளமான ஒயர் ஒன்றைத் தன் வீட்டிலிருந்து வேலி வழியாக நீட்டி, டிரெய்லர் ஜன்னல்வரை கொண்டுவந்துவிட்டார். "அக்கா, இதுல மெஷினப் போடுங்க. ஆருக்குந் தெரியாது" என்றாராம். அன்று முழுக்க மெஷின் ஓடியது, மின்விசிறியும் ஓடியது. சந்தைக்குப் போய்த் திரும்பியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மீட்டரில் எண் இருக்க வேண்டியதைவிட அதிகமாக இருந்தது. அதை வைத்தே கண்டுபிடித்தார். சத்தம் போடவில்லை. ஒயரைக் கழற்றி, முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, வேலிக் கல்லில் தொங்கவிட்டார்.

"நல்ல காப்பர் ஒயருங்க" என்று என்னிடம் சொன்னார். "வெயில்ல கெடந்தா வீணாப் போயிரும்னு சுத்தி வெச்சன்."

"அக்காவுக்கு ஒரு நாள் நல்லா மூச்சு விட்டாப்பல இருந்திருக்குமே?"

"இருந்திருக்குமுங்க." வேலிப் பக்கம் பார்த்தார். "நாளைக்கு அவன் புடுங்கீட்டா?"

அவருடைய எல்லாக் கணக்கும் அந்தக் கேள்வியில் முடியும். இன்று இருப்பதைவிட நாளை இல்லாமல் போவதுதான் அவருக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த அம்மாவிடம் ஏற்பட்ட மாற்றத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். முதலில் அவர் கணவரைக் கேலி செய்பவர். "மூச்சு விடோணுமுங்க, விட்டுக்கட்டுமா?" என்று மீட்டரைப் பார்த்துக் கேட்பார். பிறகு கேலி குறைந்தது. ஒருமுறை போனபோது மெஷின் நின்றிருந்தது. குழாய் கழுத்தில் மாலைபோலக் கிடந்தது.

"ஓடலீங்களாக்கா?"

"சும்மாதான தம்பி உக்காந்திருக்கறேன். சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அது ஓடோணும்? பொறகு போட்டுக்கலாம்."

கணவர் வெளியிலிருந்து "அம்மிணி, போட்டுக்க" என்று குரல் கொடுத்தார்.

"மேகமா இருக்குதுங்களே. பொழுது எறங்கட்டும்."

விரலில் மாட்டிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டுவது. அதை அவர் மாட்டச் சொல்வார். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் அந்த அம்மா, "நல்லாத்தான் காட்டுது" என்று கழற்றிவிடுவார். சேமிப்பது இப்போது இரண்டு பேரின் பழக்கமாகியிருந்தது. அவர் பேட்டரியை அந்த அம்மாவுக்காகச் சேர்த்தார். அந்த அம்மா மூச்சை அவருக்காகச் சேர்த்தார். வெளியே நின்று பார்த்த எனக்கு அதில் அன்பு எது, பயம் எது என்று பிரித்து எழுதத் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. அந்தப் பக்கம் அப்படி அடைத்துக்கொண்டு பெய்வது அபூர்வம். நாள் கணக்காகச் சூரியன் தெரியவில்லை. நான் குடையோடு போனபோது டிரெய்லருக்குள் பகலிலேயே இருட்டு. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மீட்டருக்கு நேராகப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எண் ஐம்பதுக்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஐம்பத்தி ரண்டுங்க" என்றார். வாங்க என்று சொல்லவில்லை.

"நாமக்கல்ல இருந்து ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க." அவர் எதையும் இப்படி உடனே ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

சிலிண்டர் வந்தது. அது சில நாளைத் தாண்டவைத்தது. மழை கொஞ்சம் விட்ட ஒரு காலை என்னைப் போனில் கூப்பிட்டார். அந்தப் போனை அவர் அணைத்தே வைத்திருப்பார். அதற்கும் சார்ஜ் போகும் அல்லவா? "கொஞ்சம் கூட வாரீங்களா சாமி? அவன்ற ஊட்டுக்குப் போவோணும்" என்றார்.

தம்பி வீட்டுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் வேட்டியை மாற்றி, சட்டை போட்டு, சாலையைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே போனார். கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். தம்பி வெளியே வந்தார். அண்ணனைப் போலவே நெடிய ஆள், அதே மூக்கு. என்னைப் பார்த்தார்.

"என்ன, பேப்பர்ல போடறதுக்கு ஆளக் கூட்டியாந்துட்டியா?"

அண்ணன் வாசல் விளக்கைப் பார்த்தார். அது எரிந்துகொண்டிருந்தது. பார்வையைக் கீழே கொண்டுவந்தார்.

"கரண்டுக்கு எழுதிக் குடுக்கோணும். உன்ற கையெழுத்து வேணும்."

"ஆருக்கு?"

"உங்க அண்ணிக்கு."

உள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. "உள்ள வாண்ணா, தூறல்ல நிக்காத" என்றார் தம்பி. பிறகு குரல் உயர்ந்தது. "ஏண்ணா, இதக் கேக்கறதுக்கா இத்தன வருசம்? கேஸு வேற, கரண்டு வேற. நான் போடமாட்டேன்னு உனக்கு ஆரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். தம்பி அங்கேயே, கேட்டுத் தூணின் மேல் அண்ணன் கொண்டுவந்த காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது டிரெய்லர் தெரியத் தொடங்கியதும் சொன்னார்: "போட மாட்டான்னு நெனச்சுட்டனுங்க."

விண்ணப்பம் போனது. மின்வாரியத்தில் இடம் பார்த்துவிட்டு, ஒரு கம்பம் நட்டால் கம்பி இழுத்துவிடலாம் என்றார்கள். மண் ஈரம் கொஞ்சம் காய வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

இதற்கு அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அவரிடமும், தம்பியிடமும், தம்பி மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். மூவர் சொன்னதும் ஒத்துப்போகிறது.

மழை நின்று சில நாள் ஆகி, வெயில் நன்றாக வந்த முதல் நாள். பேட்டரி இன்னும் ஐம்பதை ஒட்டியே நின்றது. காலையில் அவர் மனைவியிடம், "இன்னைக்கு வெய்யலு இருக்குது அம்மிணி. நெறைச்சு வெச்சுப்போட்டா கம்பி வார வரைக்கும் பயமில்ல" என்றார். மெஷினைப் போட்டுவிட்டு, வாளியும் துணியுமாகக் கூரைமேல் ஏறினார். மழையில் தகடுகளில் சேறும் சருகும் அப்பியிருந்தன. தம்பி காட்டில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்துக்குக் குழி போட அதில் துளைக்கருவி மாட்டியிருந்தார்கள். தம்பியே நின்று குழியை மேற்பார்த்தார்.

ஒரு தகட்டைத் துடைத்ததும் இறங்கிவந்து, வாசலில் நின்று மீட்டரைப் பார்த்தார். எண் ஏறியிருந்தது. மறுபடி ஏறித் துடைத்தார். இறங்கிப் பார்த்தார். அவர் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறியிருந்தது. தகட்டில் அழுக்கு இருந்ததுதான் இத்தனை நாள் குறை என்று நினைத்தார். ஏணியில் நின்றபடி உள்ளே குரல் கொடுத்தார்.

"அம்மிணி, ஏறுது பாரு!"

உள்ளிருந்து "ம்" என்று கேட்டதாகச் சொன்னார். அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அவரே சொன்னார். டிராக்டர் சத்தம்.

மூன்றாவது முறை இறங்கியபோது எண் இன்னும் நன்றாக ஏறியிருந்தது. அவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது அவர் கண்முன்னே ஏறியது. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. "சந்தோசமா இருந்துச்சுங்க" என்று அந்தச் சொல்லையே சொன்னார். பேச்சுக் கொடுத்தால் அம்மிணி எழுந்துவிடுவாள், தூங்கட்டும் என்று நினைத்து, மறுபடி கூரைக்குப் போய் மிச்சத் தகடுகளையும் துடைத்தார். கம்பிகளின் முனைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டினார்.

குழி போட்டு முடிந்து டிராக்டரை அணைத்தார்கள். காடு அமைதியானது. கூரைமேல் குந்தியிருந்தவருக்கு அப்போதுதான் கேட்டது. அல்லது கேட்கவில்லை. 'டப்... உஸ்' இல்லை.

மெஷின் அணைந்திருந்தது. பழுதில்லை. சுவிட்ச் அணைத்திருந்தது. அவர் கூரைக்கு ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மா கட்டிலிலிருந்து கையை நீட்டி அணைத்திருக்க வேண்டும். பேட்டரி நிறையட்டும் என்று. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று. மீட்டர் அத்தனை வேகமாக ஏறியதற்குத் தகட்டின் அழுக்கு காரணமில்லை.

நான் போனபோது பிணத்தை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தார்கள். சனம் கூடியிருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் வானத்தைப் பார்க்கவில்லை, மீட்டரைப் பார்க்கவில்லை. "ஏறுச்சுங்க சாமி" என்றார். "நல்லா ஏறுச்சுங்க." எப்படியும் அதிக நாள் இருந்திருக்காது என்று டாக்டர் மகளிடம் சொன்னாராம். அதை யாரும் அவரிடம் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் பார்த்தது டாக்டரை அல்ல, மீட்டரில் ஏறிய எண்ணை.

கருமாதி முடிந்து, மகள் கூப்பிட்டும் போகாமல், அவர் அங்கேயே இருந்தார். ஒரு மேகமூட்டமான பிற்பகலில் நான் போனேன். கம்பம் நட்டிருந்தது. கம்பி இன்னும் இழுக்கவில்லை. ஆட்கள் வந்தபோது இப்போது வேண்டாம் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டதாகத் தம்பி சொன்னார்.

டிரெய்லருக்குப் பக்கத்தில் போனதும் அந்தச் சத்தம் கேட்டது. 'டப்... உஸ்.' உள்ளே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. இத்தனை விளக்கு அங்கே இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் முனை, மடித்து வைத்த தலையணை மேல் கிடந்து சீறிக்கொண்டிருந்தது. அவர் கீழே, கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விசிறி மட்டை மடியில் இருந்தது.

மீட்டரைப் பார்த்தேன். நான் அதில் பார்த்தேயிராத எண்.

"ஏனுங்ணா, பாதிக்குக் கீழ போயிருச்சுங்க."

"போவட்டும்."

"பேட்டரி வீணாயிருமுங்களே. ஆப் பண்ணிரட்டுங்களா?"

"ஆருக்குங்க சேத்தி வெக்கறது?"

இன்வெர்ட்டர் 'கீ, கீ' என்று எச்சரிக்கத் தொடங்கியது. அவர் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர்போல எழுந்தார். சுவரோரம் போய், பிளக் பாயின்ட் மேல் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பை நகத்தால் நெம்பினார். வெயிலில் இறுகிப்போயிருந்த டேப் மெதுவாகத்தான் வந்தது. முழுதும் உரித்து, உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"செல்லக் குடுங்க சாமி" என்றார். "இருக்கற வரைக்கும் போட்டுக்கங்க."

என் போனில் சார்ஜ் நிறைய இருந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார். பையிலிருந்து ஒயரை எடுத்துக் கொடுத்தேன். அவரே சொருகினார். போன் திரையில் மின்னல் குறி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி மெதுவாகி, விளக்குகள் ஒன்றாக அணைந்து, மெஷின் ஒரு நீளமான மூச்சை விட்டு நின்றது. குறி மறைந்தது.